விசேஷமில்லாமல் ஒரு குரவை

மகள் இரசாயனவியல் ஆராய்ச்சிக்குப் போன பல்கலைக்கழகம், தூர தேசத்தில் ஒரு பெரிய நகரத்தின் நடுவே இருக்கிறது. மதில் கிடையாது, கட்டடங்களுக்கு ஊடாக ட்ராம் ஓடுகிறது. போன புதிதில் அவள் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து எல்லாவற்றையும் எனக்குக் காட்டினாள். ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில் நாடக அரங்கு. அதற்கு எதிரே முகமூடிகளும் பழைய வாத்தியங்களும் வைத்த நூதனசாலை. படிக்கட்டுக்குக் கீழே, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஒரு பியானோ.

“மருந்து கண்டுபிடிக்கிற இடத்தில பியானோ என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கும் அதுதான் யோசினை அம்மா” என்றாள். இந்த விஷயத்தில் அவள் என் பிள்ளைதான். காரணம் தெரியாமல் ஒன்றையும் கடந்து போகமாட்டாள்.

இரண்டாம் வருடம் அவளுடைய பரிசோதனை ஒன்றும் சரிவரவில்லை. போன் எடுப்பது குறைந்தது. எடுத்தாலும் “ஓம்”, “இல்ல”, “சாப்பிட்டன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருநாள், “வரட்டா அம்மா?” என்று கேட்டாள். விடுமுறைக்கு வருகிறவளின் குரல் அல்ல அது. தோண்டித் துருவியதில், ஒரு மாதத்துக்கு மேலாக ஆய்வுகூடத்துப் பக்கமே போகவில்லை என்று தெரிந்தது. அறையைப் பூட்டிக்கொண்டு படுத்தே கிடக்கிறாள். கிழமைக்கு ஒருமுறை மட்டும் எழும்பி, பல்கலைக்கழகத்துப் பாடகர் குழுவுக்குப் போய் வருகிறாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல் பார்ப்பது என் வேலை. சொத்தை என்றால் அடைக்கத் தெரியும், ஆடுகிற பல் என்றால் பிடுங்கத் தெரியும். இதற்கு என்ன செய்வது? “வா மகள்” என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வந்தால் ‘தோற்றுப்போனேன்’ என்பதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வருவாள் என்று பட்டதால் விழுங்கிவிட்டேன்.

அடுத்த கிழமை அவளாகவே போன் எடுத்தாள். பாடகர் குழுவில் மருத்துவம் படிக்கிறவர்கள், பௌதிகம் படிக்கிறவர்கள், நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்களாம். அதை நடத்துகிற பெண்மணி, அவரவர் ஊரில் பெண்கள் எழுப்புகிற ஒலி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

“நான் குரவை எண்டு சொல்லிற்றன் அம்மா. அத எப்பிடிப் போடுற?”

கேட்டாளே ஆளைப் பார்த்து! கோயிலில் கும்பம் எடுக்கும்போது பெண்கள் எல்லாரும் நாக்கை ஆட்டிக் குரவை போட, என் வாயிலிருந்து மட்டும் வெறும் காற்றுத்தான் வரும். எங்கள் ஊர் நாவற்குடா முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனாலும் பிள்ளை கேட்டுவிட்டாளே என்று போனுக்கு முன்னால் வாயைத் திறந்தேன். கேத்தல் கொதிக்கிற சத்தம் வந்தது. “போன் சரியில்ல” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் சிரித்தாள். மூச்சு வாங்கி, இருமி, மறுபடியும் சிரித்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற அந்த வீட்டுப் பெண் மாங்கேணியில் பிறந்து எங்கள் ஒழுங்கைக்கு மருமகளாக வந்தவள். அவள் குரவை போட்டால் சந்தி வரைக்கும் கேட்கும். இறால் கோது கழற்றிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, ஒரு குரவை போடுங்க. போனில பிடிக்கணும்.”

“என்ன அக்கா விசேஷம்?”

“விசேஷம் ஒண்டும் இல்ல. மகள் கேட்டவள்.”

“சும்மா போட ஒண்ணா அக்கா. சனம் என்னமோ ஏதோ எண்டு ஓடி வந்திரும். ஒரு நல்ல காரியம் வேணும்.” சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. “மகளுக்கு எங்கயும் சரிவந்திற்றா?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “ஏன், கலியாணத்த விட்டா என்ட பிள்ளைக்கு வேற நல்லது இல்லையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வாசல் படலையடியில் கால் நின்றுவிட்டது. அவள் கேட்டதில் பிழையில்லை. வேறு என்ன நல்லது வைத்திருக்கிறேன்? பரிசோதனை சரிவரவில்லை. பட்டம் எப்போது என்று தெரியாது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது.

“அவள் நேத்துச் சிரிச்சவள்” என்றேன். மகள் படுத்துக் கிடப்பது, ஆய்வுகூடத்துக்குப் போகாதது, என்னுடைய கேத்தல் குரவை எல்லாவற்றையும் சொன்னேன்.

“எவ்வளவு காலத்துக்குப் பிறகு அக்கா?”

“மாசக்கணக்கில.”

தங்கச்சி எழும்பினாள். கையைக் கழுவினாள், சட்டையில் துடைத்தாள், கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

“அது காணும் அக்கா, குரவைக்கு.”

குரவை எழும்பியது. அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு காற்று எங்கே இருந்ததோ. கேட்டுக்கொண்டே நின்றதில் போனில் பதிவை அழுத்தவே மறந்துவிட்டேன். முன்வீட்டு வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. “என்ன விசேஷம் கா?”

“அக்காட மகள் சிரிச்சவளாம்!”

“ஆ, சந்தோசம்” என்றுவிட்டுத் தலை உள்ளே போனது.

குரவை பதிவாகாததால், மறுகா வீடியோவில் மகளையே அழைத்தோம். நாக்கு மேலும் கீழும் ஆடுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அவள் கேட்டாள். “எனக்கென்ன தெரியும், நான் வாய்க்குள்ள எட்டிப் பாத்தனானா?” என்றாள் தங்கச்சி. விடுவேனா நான்? வீட்டுக்குப் போய் டோர்ச்சை எடுத்து வந்து அவள் வாய்க்குள் அடித்தேன். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்து இரண்டு தடவை குழம்பியது. மூன்றாம் தடவை கண்டுபிடித்தோம்: பக்கவாட்டில்தான், பல்லில் படாமல். எத்தனையோ வாய் பார்த்திருக்கிறேன். ஒரு நாக்கு இப்படி வேலை செய்வதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பாடகர் குழுவின் கச்சேரியைப் போனில் நேரடியாகப் பார்க்க முடிந்தது; அவர்களுக்கு மாலை, எங்களுக்கு விடியவெள்ளாப்பு. தங்கச்சி தலைகூட வாராமல் வந்து என் பக்கத்தில் குந்தினாள். எல்லாரும் கறுப்பு உடுப்பு. மகள் இரண்டாம் வரிசையில் மெலிந்துபோய் நின்றாள். அவள் முறை வந்தபோது குரவை முதலில் திக்கியது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு மெல்ல எழும்பி நிமிர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசை முழுக்கக் குரவை போட்டது.

“பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடிக்கணும்” என்றாள் தங்கச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. என்ன விசேஷம் என்று அந்தச் சனத்துக்குத் தெரிந்திருக்குமா? அதையும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவர்களுக்கு மத்தியானம், எங்களுக்கு இரவு; அவளே போன் எடுத்தாள். நடந்துகொண்டிருந்தாள்; காற்று இரைந்தது. நான் ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். அந்த உயரமான பெண் யார், ஏன் எல்லாரும் கறுப்பு, பேராசிரியர்மாரும் வந்தார்களா?

“அம்மா, மிச்சத்தப் பிறகு கேளுங்க. நேரம் போகுது.”

“ஏன், எங்க போறாய்?”

“லேபுக்கு” என்றாள்.

அதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.