வேப்பங்கிளை போட்ட கிணறு

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கோடையில் முதலில் உப்பாகவும், பிறகு துவர்ப்பாகவும், கடைசியில் வாய் கொப்பளித்தாலும் போகாத கசப்பாகவும் மாறியபோது, அதில் ஒரு மரக்கிளையைப் போட்டால் தித்தித்துவிடும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். வயது எட்டு. ஓய்வுநாள் பள்ளியில் கதை சொல்லியிருந்தார்கள்: வனாந்தரத்தில் தண்ணீர் கசந்தது, கர்த்தர் ஒரு மரத்தைக் காட்டினார், மோசே அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டார், கசப்பு போயிற்று. என்ன மரம் என்று டீச்சர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் சபைக் கோயில் சுவரோரம் என் கைக்கு எட்டியது வேம்பு. கசப்பை எடுக்க வேப்பங்கிளையைத் தேர்ந்தெடுத்த அறிவாளி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் "ஷாப்பு" என்போம். அப்பாவுக்கு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. விரல் நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்திருக்கும். அந்த விரல்களைக் கோத்துக்கொண்டு அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் சபையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்காக ஜெபிக்கும்படி போதகர் அவரைத்தான் கூப்பிட்டார். "பிதாவே, எங்க கிணத்தப் பாரும்" என்று முழங்காலில் நின்று அழுதார். அவர் பங்குக்கு ஜெபம், என் பங்குக்குக் கிளை என்று, ஆராதனை முடிந்ததும் நான் ஒருவரும் பார்க்காமல் வேலையை முடித்தேன். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஓடை நிரம்பி, ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியாத மழை. ஷாப்பிலிருந்து ஆள் வந்து அப்பாவை அவசரமாகக் கூட்டிப்போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் மோசேயாகப் பதவியேற்றுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு எலிசா அத்தை இறைத்த முதல் வாளியில் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. மேலே நுரை. கூமுட்டை நாற்றம்.

மரம் மாறிப்போச்சு, தெருவையே விஷம் வைத்துக் கொன்றுவிட்டேன் என்று முடிவு கட்டினேன். எலிசா அத்தையின் ஆடு அந்த வாளியில் வாய் வைத்துவிட்டது. அது எப்போது விழும் என்று அதன் பின்னாலேயே சுற்றினேன். ஆடு ஏப்பம் விட்டுவிட்டு வேலியை மேய்ந்தது. அது தெம்பாக இருந்ததும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. வேலூர் ஜெயிலில் எட்டு வயசுக்காரனுக்கும் களிதான் போடுவார்களா என்ற கவலை வேறு.

அதற்குள் கிணற்றடியில் கூட்டம். எலிசா அத்தையின் வீட்டுக்காரர் பீட்டர் மாமா, அப்போது வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர், விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியை விட்டுத் துழாவினார். என் கிளை மேலே வந்தது. நான் "ஓ"வென்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"மோசே வந்துட்டாருடி, வழி வுடுங்க!" என்றாள் எலிசா அத்தை. கூட்டம் சிரித்தது. "வேப்பந்தழையால இப்டி நாறுமா? டேய், நீ இன்னா கிளை போட்டியா, பொணம் போட்டியா?"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டாவதுக்கு ஓங்கிய கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

"அவன அடிக்காத. நேத்து மழைல ஷாப்புக் கழிவுத் தொட்டி மடைப் பலகையத் தூக்கி வுட்டது நான்."

மிச்சத்தையும் அப்பாவே சொன்னார். பெருமழை பெய்தால் கழிவை ஓடையில் திறந்துவிடுவது ஷாப்பின் வழக்கமாம். வெள்ளத்தோடு போனால் யாருடைய கழிவு என்று யாரும் சொல்ல முடியாதாம். ஓடைத் தண்ணீர் ஊறி இறங்குவது எங்கள் கிணற்றில்.

எலிசா அத்தை குரலை இறக்கிக் கேட்டாள்: "நேத்து காலைல மழைக்கு அழுது ஜெபிச்சது நீதான, அண்ணே?"

"ஜெபிச்சேன். மழ வந்துச்சு. கர்த்தர் வார்த்த தவறல. பலகைய அவரு தூக்கல, எலிசா."

"மொதலாளி தூக்கச் சொன்னாரு. நீ இன்னா பண்ணுவ?"

"சொன்னது அவரு வாய். தூக்குனது என் கை."

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இனிமேல் அந்தப் பலகையைத் தொடாதே என்றாள் அம்மா. வேலை போய்விடும் என்றார் அப்பா. "போவட்டும், கர்த்தர் பாத்துக்குவாரு" என்றாள். அப்பா தன் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கர்த்தர் பாத்துக்குவாருன்னு சொல்லிக்கினேதான் நேத்து பலகையத் தூக்கினேன்."

கடவுளைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். என்னைத் தூங்கவிடாத ஒரே பிரசங்கம் இதுதான். கர்த்தர் உண்மையுள்ளவர், எல்லாம் அவர் கையில் என்று இன்றும் சொல்கிறேன்; சொல்லிக்கொண்டே என் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். பயந்தாங்கொள்ளிப் பழக்கம், அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தெருவில் கிணறு இல்லை, ராட்டினம் இல்லை, பாதாளக் கரண்டி என்றால் என் பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. கிணறு இருந்த இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன. எல்லா வீட்டுக்கும் கேன் தண்ணீர் வருகிறது. கோடையில் சபை மழைக்காக ஜெபிப்பது மட்டும் நிற்கவில்லை.

அப்போது நடந்தது இதுதான். அடுத்த மழைக்கு அப்பா பலகையைத் தூக்க மாட்டேன் என்றார். வேலை போனது. அவர் இடத்துக்குப் போனவர் பீட்டர் மாமா, அவர் தூக்கினார். கிணறு அந்த வருஷமே உதவாமல் போனது. அதைத் தூர்த்த அன்று அப்பாவும் பீட்டர் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மண் தள்ளினார்கள்.