விதையென்று வைத்த கரிநெல்

துரைராசு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வெளியூரிலிருந்து பிழைக்க வந்து, நாற்றுக்கட்டு தூக்கி, குத்தகைக்கு உழுது, வலங்கைமானுக்குக் கிழக்கே நாலு ஏக்கரைச் சொந்தமாக்கிக்கொண்டவர். அவர் கட்டிவைத்த விதைநெல்லில் ஒரு மணியை வண்டு துளைத்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் இப்படி மார்தட்ட வேறு யார் உண்டு? ஆனாலும் பக்கத்து வயல் தியாகராசன் முப்பது வருஷமாக அவரை ‘வந்தவரு’ என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர் வயலில் மோட்டார் கொட்டகைக்கு அஸ்திவாரக் குழி தோண்டியபோது ஆளுயர ஆழத்தில் ஒரு பானை வந்தது. உள்ளே கரிந்த நெல். சேதி போய்த் தொல்லியல்காரர்கள் வந்து சேரப் பத்து நாளாயிற்று. மாலதி என்ற அதிகாரி மூன்று மணிகளை இடுக்கியால் எடுத்துக்கொண்டார். அதிலுள்ள கரியை அளந்தால் எந்தக் காலத்து நெல் என்று தெரிந்துவிடுமாம்; இரண்டாயிரம் வருஷம்கூட இருக்கலாமாம். துரைராசு நேரே தியாகராசனிடம் போனார்.

“என் வயல் நெல்லுக்கு ரெண்டாயிரம் வயசுங்க. இனிமே யாரு வந்தவரு?”

“முடிவு வரட்டும், வந்தவரே.”

ஐந்து மாதம் கழித்து மாலதி வந்தார். மூன்று மணியும் இந்தக் காலத்து நெல் என்று சோதனைக்கூடம் சொல்லிவிட்டது. பானையில் ஒட்டிய கரியைச் சோதிக்கலாமென்றால் பானை பளிச்சென்று இருந்தது.

“ஐயா, நாங்க வர்றதுக்கு முன்னாடி இதை என்ன செஞ்சீங்க?”

துரைராசு பெருமையாகத்தான் சொன்னார். பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியது, நெல்லை வெயிலில் காயவைத்தது, நொச்சியிலை போட்டு, உமி எரித்த சாம்பலை இரண்டு கை அள்ளிக் கலந்தது.

“விதையாச்சுங்களே. சும்மா வச்சா வண்டு விழுந்துடாதா?”

அந்தச் சாம்பலில் அவர் களத்து நெல்லும் கருகிக் கிடந்திருக்கிறது. எது பழசு, எது புதுசு என்று பார்த்துப் பிரிக்க வழியில்லை. இன்னும் பத்து மணி அனுப்பினாலும் நம்பமாட்டார்கள் என்றார் மாலதி.

துரைராசுவுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தியாகராசன் வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

“என்னன்னு எழுதுவீங்க?”

“நிலத்துக்காரர் சாம்பல் கலந்ததால காலம் கணிக்க முடியலைன்னு. பேரு வேணாம்னா விட்டுடலாங்க.”

“போடுங்க. துரைராசு. ராஜ் இல்ல, ராசு.”

மாலதி எழுதினார்.

“ஊரு?”

துரைராசு குழியைப் பார்த்தார். அடியில் தண்ணீர் ஊறியிருந்தது.

“இந்த ஊருதான்,” என்றார்.