படம் எப்படி இருக்கு என்று கேட்டுப் பிழைத்தவள்

படம் விட்டு வெளியே வருகிறவர்களின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டுவதுதான் என் தொழில். இதைவிட மானங்கெட்ட தொழில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே மாறிக்கொள்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் எந்தத் தியேட்டரில் புதுப்படம் வந்தாலும், வெள்ளிக்கிழமை காலைக் காட்சி விடும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன். மைக் என் கையில், கேமரா பாஸ்கர் கையில். எங்கள் இணையச் சேனலுக்கு முதலாளி அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். கடை மாடியில் பருப்பு மூட்டைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரைப் போட்டுச் சேனல் தொடங்கினார். அவருக்குப் படம் பார்க்கும் பழக்கம் கிடையாது.

முன்பின் தெரியாதவர்களை மறித்துக் கேள்வி கேட்டு வயிறு வளர்க்கிற எல்லோருக்கும் என் பாடு புரியும். கணக்கெடுக்கப் போகும் டீச்சர்களே, இன்சூரன்ஸ் பிடிக்கும் அண்ணன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சேனலில் இதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது, தனலட்சுமி அக்கா பேசிய இருபது விநாடி. அந்த இருபது விநாடியால் அக்காவால் பஸ்ஸில்கூட நிம்மதியாக ஏறி இறங்க முடியவில்லை. அதை எப்படியாவது நீக்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு மாதம் அலைந்தேன். அதற்கு வருவதற்குள் மற்றவர்கள் என்னைப் படுத்திய பாட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்டர்வெல்லுக்கு அப்புறம்

தண்டையார்பேட்டையில் ஒருவர் இருக்கிறார். எந்தப் படமாக இருந்தாலும் முதல் ஆளாக வந்து கேமரா முன்னால் நிற்பார். முதல் பாதி சூப்பர், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை, மியூசிக் மாஸ், குடும்பத்தோடு பார்க்கலாம். இந்த நான்கையும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூச்சு விடாமல் சொல்வார். எனக்கும் வேலை சுலபமாக முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை புரொஜக்டர் கோளாறு. காலைக் காட்சியே தொடங்கவில்லை. டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மாள் வழக்கம் போல வந்து இரண்டாம் பாதி இழுவை என்று ஆரம்பித்தார். அண்ணே, படமே இன்னும் போடவில்லையே என்றேன். கொஞ்சமும் அசராமல் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அத்த பாத்துட்டு தான் சொல்லணுமா? இன்டர்வெல்லுக்கு அப்பால எந்தப் படம்மா நல்லா கீது?”

காசிமேட்டில் செத்த கதாநாயகன்

துறைமுகத்தை வைத்து எடுத்த படம் ஒன்று வந்தது. நம்ம ஏரியா படம் என்று ஊரே திரண்டு போனது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் குத்துப்பட்டு, காசிமேட்டுப் படகு ஒன்றில் சாய்ந்து கிடக்கிறான். அவன் முகத்துக்குப் பின்னால் கடலுக்குள் சூரியன் மெதுவாக இறங்குகிறது. பின்னணியில் கோரஸ். தியேட்டரில் பல பேர் மூக்கை உறிஞ்சினார்கள் என்று டிக்கெட் கிழிக்கிறவர் சொன்னார்.

ராயபுரத்துப் பெரியவர் ஒருவர் முகம் சிவந்து வெளியே வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அழுதிருக்கிறார், பிடித்துப் பேசவிட்டால் அண்ணாச்சி சந்தோஷப்படுவார் என்று மைக்கை நீட்டினேன். அவருக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம்.

“அந்தக் காலத்துல இருந்து கிரேன் மேல குந்திக்கினு சூரியன பாத்தவன் பாப்பா நானு. அது வர்றது கடல்ல, போறது பெரம்பூர் பக்கம். இந்தாளு எந்த ஊர் காசிமேட்டுல செத்தான்னு டைரக்டராண்ட கேட்டு சொல்லு.”

பத்து எபிசோடு

படம் வராத வாரங்களில், போனில் பார்க்கும் தொடர்களைப் பற்றிக் கருத்துக் கேட்டு வரச் சொன்னார் அண்ணாச்சி. யாரிடம் கேட்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எண்ணூர் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் லாரிகளின் வரிசை இருக்கிறது. அதில் இருப்பவர்களைப் போலப் பொறுமையாகத் தொடர் பார்க்கிறவர்கள் தமிழ்நாட்டில் வேறு எங்கும் கிடையாது. ஸ்டியரிங்கில் போனைச் செருகி வைத்துக்கொண்டு, சோறும் அங்கேயே, தூக்கமும் அங்கேயே.

ஒரு டிரைவர் கொலை மர்மத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஊர், ஒரு பிணம், ஒரு தூங்காத போலீஸ் அதிகாரி. பத்து எபிசோடும் மழை பெய்துகொண்டே இருக்கும். நல்லா இருக்கா என்று கேட்டேன். அவர் லாரிக் கதவிலிருந்து எட்டி, முன்னால் நிற்கும் வண்டிகளைப் பார்த்தார். வரிசையின் முனை கண்ணுக்கே தெரியவில்லை.

“முந்தாநேத்து ஆரம்பிச்சேன்க்கா. கொலகாரன் கெடச்சிட்டான். வண்டி இன்னும் இதே பொட்டிக்கட எதிர்ல தான் கீது. அந்த போலீச இங்க இட்டாந்து ஹார்பர் கேட்டு எப்ப தெறக்கும்னு கண்டுபுடிக்க சொல்லு.”

வெள்ளைச் சேலை

சீரியல் கருத்துக்கு எண்ணூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டம்மா மூன்று வருடமாக ஒரே தொடரை விடாமல் பார்க்கிறவர். மருமகளுக்கு மாமியார் பாயசத்தில் விஷம் கலந்து வைத்திருந்த வாரம் அது. மாதர் குலம் கொதிக்கும், நமக்கு நல்ல தீனி என்று நம்பிப் போயிருந்தேன். அந்த அம்மா விஷத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாசல் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. காற்று அனல்மின் நிலையத்திலிருந்து கொண்டுவந்து போடும் சாம்பல், அதன் மேல் மெல்லிசாகப் படிந்திருந்தது. பேசும்போதே ஒவ்வொன்றாக எடுத்து உதறினார்.

“மாமியா வெஷம் வெக்கிறா, வெக்கட்டும், அது ஊர்ல நடக்குறது தானே. அவ மொட்ட மாடில வெள்ள சேல காயப்போட்டு, சாயந்தரம் வெள்ளயாவே எடுத்து மடிக்கிறா பாரு, அத்த தான் நம்ப முடில.”

புடைப்பு

இந்தப் பேச்சுகளில் ஒன்றுகூட முழுசாகச் சேனலில் வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கிரேன்காரர் பேசியதில் ‘செத்தான்’ என்ற சொல்லை மட்டும் நறுக்கி எடுத்து மூன்று தடவை ஓடவிட்டார் அண்ணாச்சி. சாம்பல் பேச்சை எடுத்துவிட்டு, ‘மாமியா வெஷம் வெக்கிறா, வெக்கட்டும்’ என்பதை மட்டும் போட்டார். பாவம் அந்த அம்மா, தன் சொந்த மாமியாரிடம் இரண்டு நாள் பேச்சு வாங்கியிருக்கிறார். நான் கேட்டேன், இதெல்லாம் நியாயமா அண்ணாச்சி என்று. கீழே கடையில் உளுந்து சலித்துக்கொண்டிருந்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அவர் என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஏம்மா, நீ மூட்டையைக் கொண்டுவந்து இறக்கு. எது உளுந்து, எது உமின்னு புடைச்சு எடுக்கது என் சோலி.”

தனலட்சுமி அக்கா

வியாசர்பாடி குடியிருப்பில் வீடு. திருவொற்றியூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் காலைக் காட்சிக்குத் தனியாக வந்துவிடுவார். என் மைக்குக்குப் பயப்படாமல், ஆசைப்படாமல் பேசுகிற ஒரே மனுஷி. பிடித்தால் பிடித்தது என்பார், பிடிக்காவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பேசி முடித்ததும் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அன்று வந்தது வழக்கமான ரவுடிப் படம். அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “இன்னா படம் பா இது. வடசென்னைன்னா கத்திய தூக்கிக்கினு ஓடணுமா? செத்தவனோட அம்மா தெருவுல உருண்டு பெரண்டு பக்கம் பக்கமா டயலாக் பேசுறா. ஒரே பேஜாரு பா,” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். பாஸ்கரும் சிரித்தான். நானும் மைக்கை இறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து மைக்கை மறுபடியும் தன் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டார்.

அதுவரை எனக்குத் தெரியாத விஷயம் அது. அவருடைய ஒரே பையன் சதீஷ், இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு டேங்கில் பெயின்ட் அடிக்கப் போய், மேலேயிருந்து விழுந்து இறந்துவிட்டானாம். “அன்னிக்கு எனக்கு அழுவையே வர்ல பா. எல்லாரும் மாரடிச்சிக்கினு கீறாங்க. நான் அவன் டிபன் பாக்ஸு மூடிய காணோம்னு வாட்ச்மேனாண்ட கேட்டுக்கினு நிக்கிறேன். மூடி இல்லாம போனா சதீசு திட்டுவான்னு. அம்மான்னா அப்டி தான் நிப்பா. டயலாக்லாம் பேச மாட்டா,” என்றார். தெருவில் அத்தனை வண்டி போய்க்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனையோ தடவை பேசியும் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“எப்பம்மா இது வரும்? எங்க வூட்டாண்ட எல்லாருக்கும் காட்டணும்.”

ஓடுற சரக்கு

வந்தது. “இன்னா படம் பா இது, ஒரே பேஜாரு பா,” அப்புறம் அந்தச் சிரிப்பு, நாலைந்து தடவை திரும்பத் திரும்ப. நடுநடுவே ஆடு கத்துகிற சத்தம். அவ்வளவுதான். சதீஷ் இல்லை, டிபன் பாக்ஸ் இல்லை.

இரண்டு நாளில் ஊரெல்லாம் அது ஓடியது. யார் யாரோ முந்தானையைச் செருகிக்கொண்டு அக்கா மாதிரியே வாயசைத்து வீடியோ போட்டார்கள். இதெல்லாம் ஒரு தமிழா என்று கீழே எழுதினார்கள். படிக்கப் படிக்க எனக்குக் காது சூடானது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். மைக்கைப் பிடிக்கும்போது மட்டும் நான் வேறு தமிழுக்கு மாறிக்கொள்வேன். அக்கா மாறவில்லை, அதுதான் அவர் செய்த குற்றம். கம்பெனியில் சூப்பர்வைசர் முதற்கொண்டு ‘பேஜாரு அக்கா’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் அவர் காதுபட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அக்கா தியேட்டருக்கு வருவது நின்றுபோனது. இதெல்லாம் என் மைக்கால் வந்தது. தினமும் மாடியேறிப் போய், அதை எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். வேலையை விட்டுவிடுவேன் என்றுகூட மிரட்டிப் பார்த்தேன். அவர் கோபப்படவேயில்லை.

“ஓடுற சரக்கை எந்தக் கடைக்காரனாவது எடுத்து உள்ள வைப்பானாம்மா?”

மிச்சம்

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டு, எடுத்துவிட்டேன் என்றார். இரக்கப்பட்டு எடுக்கவில்லை, ஓட்டம் நின்றுவிட்டது, அதனால் எடுத்தார். எனக்கு அதைப் பற்றி என்ன? அன்றைக்கே வியாசர்பாடிக்கு ஓடினேன். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கா, நீக்கிட்டாங்க, இனிமே யாரும் பார்க்க முடியாது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். தலையை ஆட்டினார். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“அது இருந்தா இன்னா, போனா இன்னா. மிச்சம் எங்க கீது?” என்றார். எனக்குப் புரியவில்லை. “சதீசு பேர சொல்லி பேசினேனே, அந்த மிச்சம். அத்த குடு. போன்ல போட்டு வெச்சிக்கிறேன். அவன் போனதுல இருந்து நான் வாய தெறந்து அத்த பேசினது அன்னிக்கு ஒரு தபா தான். மறுபடி வராது.”

பாஸ்கருக்குப் போன் செய்தேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மெமரி கார்டு. வெள்ளிக்கிழமை எடுத்ததை அண்ணாச்சி புடைத்து முடித்ததும், அன்று சாயங்காலமே கார்டிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதைத் துடைத்துவிட்டு, சனிக்கிழமை வேலைக்குத் தயாராக வைப்போம். இது எனக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆடு கத்துவதை நிறுத்தச் சொல்லி ஒரு மாதம் சண்டை போட்டவள், இந்த மிச்சத்தைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. “அது அன்னிக்கே அழிச்சாச்சே,” என்று பாஸ்கர் சொன்னது, அமைதியான அந்த மாடிப்படியில் அக்காவுக்கும் கேட்டுவிட்டது. அவர் கீரையை முறத்தோடு தள்ளி வைத்தார். என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

“நான் சிரிச்சத ஊரே பாத்துச்சி. எம்புள்ள பேர சொன்னது உன் காதோட போச்சாம்மா?”