கால்வர்ட் கோத்திரம்

அடுத்தவர் பட்டுப்பாவாடையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், அடுத்தவர் மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஒரு பெயரைப் பார்த்து வயிறெரிந்தவள் வலங்கைமான் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பத்து வயது.

பெயருக்குச் சொந்தக்காரி என் அத்தை மகள். அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, இங்கிலாந்துக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவள். அந்த வருஷம் ஆடி மாதம் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்திம்பேர் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவருக்கு வேலை இருக்கிறது என்றார்கள். இரண்டு பேருக்கு ஐந்து பெட்டி. எல்லாம் நமக்குத்தான் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். திறந்தால் பாதிக்கு மேல் கம்பளிக் கோட்டு. இந்தப் புழுக்கத்தில் இதை எதற்குச் சுமந்துகொண்டு வந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். “அதிகப்பிரசங்கி, போய்ப் படி” என்றாள்.

அத்தை மகள் என்னைவிட ஆறு மாதம் பெரியவள். அந்த ஆறு மாதத்துக்காக அவளை ‘அத்தங்கா’ என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டுமாம். போதாததற்கு அவளுக்கு லீவு, எனக்குப் பள்ளிக்கூடம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் அந்தச் சார்ட்டைப் பிரிக்காமல் இருந்திருந்தால்.

அவள் பெயருக்குப் பின்னால் ‘கால்வர்ட்’ என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. அதைப் பற்றிப் பள்ளியில் அவள் செய்திருந்த பிராஜெக்ட் அது. கூடத்துத் தரையில் விரித்து, சுருட்டிக்கொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் எவர்சில்வர் டம்ளரை வைத்தாள். கன்றுக்குட்டி, கோலூன்றிய ஒரு ஆள், இங்கிலாந்து வரைபடம், அதன் வட பக்கத்தில் நிறையச் சிவப்புப் புள்ளி, கீழே போகப் போக ஒன்றிரண்டு. அத்தை சொல்லிக்கொடுத்த தமிழில் நிறுத்தி நிறுத்தி விளக்கினாள்.

“ரொம்ப ரொம்ப முன்னாடி, டாடியோட ஃபேமிலி ஊர்ல கன்னுக்குட்டி எல்லாம் மேய்ச்சா. அதனால ஊர்ல எல்லாரும் இவாளைக் கால்வர்ட்னு கூப்பிட்டா. ரொம்பப் பேருக்கு இந்தப் பேர் கிடையாது. என் ஸ்கூல்ல நான் மட்டும்தான் கால்வர்ட். புள்ளியெல்லாம் டாடி வெச்சார்.”

அப்பா சரித்திர வாத்தியார். என் பள்ளிக்கூடத்திலேயே, என் வகுப்புக்கே. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தரையில் குனிந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். “ஒரு பேருக்குள்ள எவ்வளவு சரித்திரம் பாத்தியா!” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பிறந்து பத்து வருஷமாக அதே வீட்டில் ஒரு பெயரோடுதான் நடமாடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் ஒரு நாளும் எட்டிப்பார்த்ததில்லை.

“அப்பா, நம்ம சர்நேம் என்ன?”

“நமக்கு அதெல்லாம் ஏது? இனிஷியல்தான்.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“என் பேரோட முதல் எழுத்து. அவ்வளவுதான்.”

அவளுக்கு ஒரு வம்சமே பின்னால் வருகிறது. எனக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. அன்றைக்குச் சாதம் இறங்கவில்லை. அடுத்த வாரம் சரித்திரப் பரீட்சையில் என் பெயருக்குப் பின்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து நீளமாக எழுதிப் பார்த்தேன். அப்பா அதைச் சிவப்பு மையால் சுழித்து, ‘ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

ஒரே ஆறுதல், கன்று மேய்த்த பரம்பரை எங்கள் கொல்லைக் கன்றுக்குட்டியைக் கண்டதும் அலறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியது. அதுவும் நிலைக்கவில்லை. சில நாளில் அந்தக் கன்று அவள் கையை நக்கிக்கொண்டு, அவள் பாவாடை போகிற பக்கமெல்லாம் போக ஆரம்பித்தது. தினமும் புல் போட்டவள் நான். வாயில்லா ஜீவன் என்கிறார்களே, அதற்கும் வெளிநாட்டு மோகம்.

அதற்கப்புறம் அப்பா செய்ததுதான் பெரிய அநியாயம். அவளைச் சார்ட்டும் கையுமாக எங்கள் வகுப்புக்கே அழைத்து வந்துவிட்டார். யார் வந்தாலும் எழுந்து நின்று இங்கிலீஷில் வரவேற்றுப் பேசுவது வழக்கமாக நான். அன்று என்னைக் கூப்பிடவே இல்லை. அவள் இங்கிலீஷில் பேசினாள், அப்பா தமிழில் சொன்னார், வகுப்பு வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. முடிந்ததும் அப்பா அவள் தோளில் கை வைத்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது எனக்கு வர வேண்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முழங்கையால் இடித்து, “ஒங்க அத்தை பொண்ணுக்கு இருக்குல்ல, ஒனக்கு மட்டும் ஏன்டி இல்ல?” என்றாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

எனக்கு விடிவு வந்தது ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையன்று. எல்லோரும் ஊர்க் கோயிலுக்குப் போனோம். அம்பாள் சன்னிதியில் கூட்டம். குருக்கள் அப்பாவிடம் கேட்காமலே எங்கள் நட்சத்திரங்களைச் சொல்லி, “கௌசிக கோத்திரம்” என்று சேர்த்து அர்ச்சனை செய்தார். நூறு தடவை கேட்டதுதான். அன்றுதான் காதில் விழுந்தது.

“அப்பா, கௌசிக கோத்திரம்னா?”

“கௌசிக ரிஷியோட வழியில வந்தவான்னு அர்த்தம். அப்பா வழியா வரது.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நமக்கும் இருக்கிறது! அதுவும் கன்றுக்குட்டி மேய்த்தவர் இல்லை, ரிஷி. அத்தை மகளைத் திரும்பிப் பார்த்து, “எங்களுக்கு ரிஷியாக்கும்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, சொன்னதே தித்திப்பாக இருந்தது.

குருக்கள் தட்டோடு அவள் பக்கம் வந்தார். “கொழந்தைக்கு என்ன கோத்திரம்?”

பின்னால் வரும் பெயரைத்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். “கால்வர்ட்” என்றாள், பளிச்சென்று.

குருக்கள் அசரவில்லை. “பேஷா சொல்லலாம். அம்பாளுக்கு எந்த ஊர்ப் பேரும் தெரியும்” என்று பூவை எடுத்துக்கொண்டு, “கால்வர்ட் கோத்ர” என்று ஆரம்பித்தே விட்டார். அம்பாளின் காது வரைக்கும் அந்தப் பெயர் போகப்போகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வேண்டாம் மாமா” என்றாள் அத்தை. “கௌசிக கோத்திரம்னே சொல்லுங்கோ. எனக்கும் அவளுக்கும்.”

குருக்களின் கை அப்படியே நின்றது. “அது உங்க அப்பாவோட கோத்திரமாச்சே அம்மா. கல்யாணமானா ஆம்படையான் கோத்திரத்தைத்தானே சொல்றது?”

“தெரியும் மாமா. அதையே சொல்லுங்கோ.”

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். குருக்கள் அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அம்பாளைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். அத்தையும் அத்திம்பேரும் பிரிந்துவிட்டார்கள் என்ற விஷயத்தை அத்தை எங்கள் வீட்டாரிடம் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அது எங்கே தெரிந்தது? வெளிநாட்டிலிருந்து ஒரு பெயரோடு வந்தவள், என் பெயரையும் எடுத்துக்கொள்கிறாள் என்பதுதான் தெரிந்தது.

“அம்மா, என் பேர்? டாடி பேர்?” என்று அவள் அத்தையின் கையை இழுத்து அழ ஆரம்பித்தாள். இரண்டும் வேண்டுமாம், பேராசைக்காரி.

“அப்பா, அது நம்மளோடது! அவளுக்குத்தான் அவளோடது இருக்கே!” என்று கத்தினேன். மணியோசை நின்றிருந்த நேரம், கோயில் முழுக்கக் கேட்டது. வழக்கமாக அம்மா தொடையில் கிள்ளியிருப்பாள். அன்று யாரும் கிள்ளவில்லை. குருக்கள் கௌசிக கோத்திரம் சொல்லி, அவர்கள் இருவர் பேரையும் சொல்லி, பூவை அம்பாள் பாதத்தில் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வாய்க்கால் கரையில் அப்பாவின் விரலைப் பிடித்து நிறுத்தினேன். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அத்தையும் அம்மாவும் அழுகிறவளைச் சமாதானம் செய்தபடி பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

“அவளுக்கு மட்டும் ரெண்டு. எனக்கு ஒண்ணா? இது நியாயமாப்பா?”

அப்பா பின்னால் திரும்பி அத்தையைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

“இல்லடா கண்ணா. இனிமே அவளுக்கும் ஒண்ணுதான்.”

“நிஜமா?”

“நிஜமா.”

இத்தனை நாளில் அப்பா என் பக்கம் பேசியது அப்போதுதான். அது போதும் எனக்கு. அவர் விரலை விட்டுவிட்டு, வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.