மஞ்சள் பனியன்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. துபாயின் சோனாப்பூர் மணல் மைதானத்தில் மஞ்சள் பனியன் அணிந்த ஏழு பேர் நிற்கிறார்கள். விடுமுறை நாள்களில் ஏழு தொழிலாளர் கேம்ப்புகள் ஆடிய கபடித் தொடரின் முடிவில் தேர்ந்தெடுத்த நட்சத்திர அணி அது. அவர்கள் காலடியில், படம் எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது.

அந்த நிழலுக்குரியவரைக் கார்னர் அண்ணன் என்றுதான் அழைத்தோம். இடது ஓரத்தில் நின்று, பாடி வருபவரின் கணுக்காலைப் பிடிப்பார், பிடித்தால் விடமாட்டார். ஒருமுறை அப்படி விடாமல் இருந்ததில் இடது தோள் மூட்டு நழுவி, பிறகு அந்தப் பக்கம் சற்று இறங்கியே இருந்தது. அது அவருக்குக் கடைசி ஆண்டு. விசா முடிந்து ஊர் திரும்ப இருந்தார். "அந்த மஞ்ச பனியன ஒரு தடவ போட்டு போட்டோ எடுத்துரணும் தம்பி. நெசமாவே அங்க ஆடுறீங்களாப்பான்னு மக கேக்குது" என்பார்.

அந்த அணியின் ஒவ்வோர் இடத்துக்கும் ஏழு கேப்டன்களும் ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதித் தருவார்கள். சொந்தக் கேம்ப்பில் இருப்பவரை எழுதக்கூடாது. சமமானால் இளையவருக்கு. ஸ்கோர் நோட்டு வைத்திருந்த நான்தான் சீட்டுகளைப் பிரித்துப் படிப்பேன்.

இடது கார்னருக்கு அண்ணனுக்கு மூன்று, இன்னோர் இளைஞருக்கு மூன்று. அன்று டூட்டியில் இருந்த கேப்டன்கள் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்; கடைசியாகப் பிரித்தது சோனாப்பூர் கேப்டனுடையது. அதிலும் அண்ணன் பெயர். நோட்டின் முதல் பக்கத்துப் பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயருக்கு எதிரே சோனாப்பூர் என்றிருந்தது.

"சொந்தக் கேம்ப். செல்லாது. மூணுக்கு மூணு, இடம் இளையவருக்கு" என்றேன்.

"சொந்த ஆளுக்கே ஓட்டா? நல்லாருக்கே பாய்" என்று யாரோ சிரித்தார்கள்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "தம்பி நோட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "யல்லா, வாங்க, எல்லாரும் சேந்து நில்லுங்க. நான் எடுக்குறேன்" என்று என் போனை வாங்கிக்கொண்டார்.

ஓராண்டு கழித்துப் பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோது, தேர்வுக்கு ஐந்து நாள் முந்தைய பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி கண்டேன்: "கார்னர் அண்ணனை ஜெபல் அலி கேம்ப்புக்கு மாற்றிவிட்டார்கள்." பட்டியலில் திருத்தத் தவறியிருக்கிறேன். அந்தச் சீட்டு செல்லும். அவருக்கு அது தெரிந்திருந்தது. என் நோட்டை நம்பினாரா, என்னைத் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று நினைத்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

உடனே அண்ணனின் ஊர் எண்ணுக்கு அழைத்தேன். மகள் எடுத்தாள்.

"அப்பா போன மாசம் தவறிட்டாங்க அங்கிள். நெஞ்சு வலி." பிறகு அவளே கேட்டாள்: "மஞ்ச பனியன் போட்டோ உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுவாங்க. அனுப்புவீங்களா?"

என்னிடம் இருந்தது இந்தப் படம் மட்டுமே. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, தவறு என்னுடையது என்றும் எழுதி, படத்தோடு அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்தது.

"நிழல்ல இடது தோள் எறங்கியிருக்கு அங்கிள். அப்பாதான்."

கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் ஏழு பேரையும் தாண்டி என் பார்வை அந்தத் தோளில்தான் நிற்கிறது.