இருவாச்சிக்கு வந்த மானியம்

மானியம் வந்த சேதியை முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டுமென்றுதான் மலைக்கு ஓடினேன். விலங்கியல் படித்துவிட்டு போடியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை ஒரு சிறு அமைப்பு வேலைக்கு எடுத்திருந்தது. அருகிவரும் உயிரினங்களைக் காக்க அரசு தரும் பணம். தன் ஏலத்தோட்டத்தில் இருவாச்சிப் பறவை கூடு வைத்த மரத்தை வெட்டாமல் விடுகிறவருக்கு அதில் ஒரு பங்கு. யார் வேண்டாம் என்பார்கள்?

போடிமெட்டுக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தவர் வேண்டாம் என்றார்.

"சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கேட்டு நடையா நடந்தேன். ஒரு பய எட்டிப் பாக்கல. பறவைக்குன்னா மட்டும் தேடி வர்றீகளா, மாப்ளே?"

"கூடு இருந்தாத்தாண்ணே பணம். இருக்கா?"

"இங்க காக்காகூட கிடையாது."

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே புஸ் புஸ்ஸென்று காற்றை அறுத்துக்கொண்டு ஒரு சத்தம். இருவாச்சியின் சிறகுச் சத்தம். நான் நிமிர்ந்தேன். அவர் நிமிரவில்லை.

"லோடு ஜீப்பு ஏறுது" என்றார்.

அப்போதே சந்தேகம் பிடித்துக்கொண்டது. பொந்து வாயைப் பூசி அடைத்துக்கொண்டு பெட்டை குஞ்சோடு உள்ளே கிடக்கிற மாதம் அது. ஆண் கொண்டுவரும் பழம்தான் இரண்டுக்கும் உயிர். இப்போது மரம் விழுந்தால் எல்லாம் போச்சு. வெட்டத்தான் மறைக்கிறாரோ?

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஏறினேன். மழைக்கு முந்தைய கவாத்து முடிந்திருந்தது. ஏலச்செடிக்கு வெயில் இறங்க நிழல்மரக் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். சரிவு முழுக்க மரங்கள் மொட்டையடித்த மாதிரி நின்றன. நடுவில் ஒன்று மட்டும் ஒரு கிளையும் குறையாமல். அதன் இருட்டில் செடிகள் வெளிறிக் கிடந்தன. உயரே அடைத்த பொந்து.

இடத்தைக் குறிக்கப் போனை எடுத்தேன். பின்னால் அவர் வந்து நின்றார்.

"குறிச்சுக்க. இன்னைக்குப் பணம் குடுப்பீக. நாளைக்கு, அபூர்வப் பறவை இருக்கு, தோட்டத்தைக் காலி பண்ணும்பீக. அதுக்கு முந்தி வெரசா நானே சாச்சுப்புடுவேன்."

"அப்படியெல்லாம் எடுக்க மாட்டாகண்ணே."

"எழுதிக் குடுப்பியா?"

என்னால் முடியாது. இதையே நான் அலுவலகத்தில் கேட்டபோதும் யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. குறிக்காமலே போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அலுவலகத்தில் கூடு இல்லை என்றேன். "மலைக்கே போகாம டீக்கடையில உக்காந்துட்டு வர்றியா?" என்றார் எங்கள் அமைப்பின் தலைவர். இப்போது என் மேலும் சந்தேகம்.

மழை தொடங்கியதும் மறுபடி ஏறினேன். என் தலை மறைந்ததும் வெட்டியிருந்தால்? மரம் நின்றது. ஆனால் பொந்து வாய் உடைந்து திறந்து கிடந்தது. குஞ்சு பறந்ததா, எவனாவது எடுத்தானா? அவர் செடிக்கு மண் அணைத்தபடி ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன சோலியா வந்த?"

"சும்மாதாண்ணே."

அந்தச் சத்தம் வந்தது. ஒன்றின் பின்னால் ஒன்றாக, கடைசியாக வந்தது கொஞ்சம் தடுமாறிக்கொண்டு.

"லோடு ஜீப்பு" என்றார், நிமிராமல்.

"மூணு வண்டிண்ணே" என்றேன்.