ஒரே தடவை மாஸ்டரின் கால்

முதலில் செருப்பு. குனியாமலே இரண்டையும் உதறி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். அப்புறம் கால் விரல்களை ஒரு தரம் விரித்து மடக்கிப் பார்த்துக்கொள்வார், சமையலுக்கு முன் கத்தியைக் கட்டைவிரலில் தடவிப் பார்ப்பது போல. கடைசியாகப் பேப்பர். அன்றைய செய்தித்தாளை மடிக்காமல் முழுசாக விரித்து, வயிற்றிலிருந்து டாஷ்போர்டு வரைக்கும் ஒரு கூடாரம் போட்டுக்கொள்வார்.

"ம், எடு வண்டிய. நான் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு வரேன். உன்னை நான் நம்பறேன்ல, நீ நம்பினா என்ன?"

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பெயர் 'ஒரே தடவை மாஸ்டர்'. அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் முதல் தேர்விலேயே லைசன்ஸ் வாங்கிவிடுவார்கள். கை நடுங்குகிறவர்கள், வலது எது இடது எது என்று மோதிரத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள், சிவப்பு விளக்கைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், எல்லாரும். "ரெண்டாவது தடவைங்கற பேச்சு என் வண்டியில கிடையாது" என்பார். பள்ளிக்கூடத்தில் அவரே ஒன்பதாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர் என்பது வேறு விஷயம்.

பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் சேர்ந்து அமுங்கும். ஆபத்துக்கென்று வைத்தது. மற்ற மாஸ்டர்களுக்கு ஆபத்து எப்போதாவது வரும். இவருக்கு மட்டும் அது தெருமுனைக்குத் தெருமுனை வந்துகொண்டே இருந்தது. பேப்பருக்கு மேலே வாய் தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். பேப்பருக்குக் கீழே கால் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் கிளட்சை மறந்தால் இவர் கால் மறக்காது. பிரேக்குக்குப் பதில் அவர் பயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இவர் கால் பிரேக்கை மிதிக்கும். வண்டி அலுங்காமல் நிற்கும். "பாத்தியா, நீயே நிறுத்திட்ட" என்பார். அதில் அவருக்குப் பொய் சொல்கிற எண்ணமே இருக்காது. சந்தோஷமாகத்தான் சொல்வார்.

கத்தமாட்டார். இதை யார் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவார்கள். பக்கத்துப் பள்ளி மாஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார், "ஸ்டியரிங்கைப் பிடின்னா பாம்பைப் பிடிச்ச மாதிரி பிடிக்கிறியே" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். இவர் சொல்கிற அதிகபட்சக் கடுஞ்சொல் ஒன்றுதான்: "ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது. மெதுவா வா."

கால் மட்டும் எங்கே போனாலும் வேலையில் இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் திருப்பங்களில் முன் இருக்கையின் கம்பியை மிதிப்பார். சாப்பிடும்போது பேரப்பிள்ளை டம்ளரைத் தட்டப் போனால் மேசைக்கு அடியில் கால் அழுந்தும். டம்ளர் எப்படியும் விழும். "மனுஷனுக்குக் காலு மட்டும் ஓவர்டைம் பாக்குது, காசுதான் வரல" என்று அவர் மனைவி துணியை எடுத்துத் துடைப்பார்.

அந்த மேசையில் அடிக்கடி ஓடுகிற ஒரு பழைய கதை உண்டு. மனைவியின் தங்கைக்கு இவர்தான் வண்டி கற்றுக்கொடுத்தார். அவளும் ஒரே தடவைதான். லைசன்ஸ் வந்த வாரமே தன் வீட்டுக் காரைத் தனியாக எடுத்தாள். வீட்டு வாசல் தெருவிலிருந்து ஏற்றமாகப் போய் கேட்டில் முடியும். ஏற்றத்தில் வண்டி பின்னால் வழுக்க, பயந்துபோய் ஆக்சிலேட்டரை அமுக்க, மூடியிருந்த இரும்புக் கேட் உள்பக்கமாகத் தொப்பை போட்டுக்கொண்டது. அதற்கப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. காரை விற்றுவிட்டார்கள். கேட் மட்டும் தொப்பையோடு இன்னும் அப்படியே நிற்கிறது.

"எங்க மச்சினி ஒருத்தி இருக்கா, கேட்டைத் தொறக்காமலே வீட்டுக்குள்ள போற ஆளு" என்று யார் வந்தாலும் ஆரம்பிப்பார். "நான் என்னமோ நல்லாத்தான் கத்துக்குடுத்தேன். சிலருக்குக் கை வராது, என்ன பண்றது?" எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுவாள்.

அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து மாறாதது எதுவும் அந்தத் தொழிலில் மிச்சமில்லை. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டித் திரும்பியதெல்லாம் போயிற்று. வாய்மொழிக் கேள்விகள் போய்க் கம்ப்யூட்டர் பரீட்சை வந்தது. கியரே இல்லாத வண்டி வந்தது. விதிப் புத்தகம் வருஷத்துக்கொரு தரம் புதுச் சட்டை மாற்றிக்கொண்டது. பயிலரங்குகளில் கோட்டுப் போட்டவர்கள் வந்து வட்டம் வட்டமாகப் படம் போட்டுக் காட்டினார்கள். மாஸ்டர் மரியாதையாகக் கொட்டாவி விட்டார். எது வந்தாலும் தேர்வின்போது பக்கத்து இருக்கை அவருடையது, அதிகாரிக்குப் பின்சீட்டு. கால் இருக்கிறவரை கவலை இல்லை.

போன வருஷம் அதுவும் மாறியது. தேர்வுக்கென்று தனியாக ஒரு தடம் போட்டார்கள். நெடுக கேமரா, கோட்டைத் தொட்டால் கூவுகிற தரை. வண்டிக்குள் ஓட்டுகிறவர் மட்டும். மாஸ்டர்கள் எல்லாரும் ஒரு கண்ணாடி அறைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியது.

முதல் நாள் அவர் பக்கமிருந்து முதலில் போனவர் ஒரு பல் டாக்டர். கெட்டிக்காரப் பெண். இவருடைய கல்யாணக் கதைக்குச் சரியான இடங்களில் சிரிப்பவர். திரையில் வண்டி கிளம்பியது, வளைந்தது, ஏற்றத்தில் ஏறிப் பாதியில் நின்றது. அங்கிருந்து பின்னால் வழுக்காமல் மறுபடி எடுக்க வேண்டும்.

"என்னண்ணே, டைல்ஸ்ல பிரேக் இருக்கா? சொன்னா நாங்களும் மிதிப்போம்ல" என்றார் பக்கத்துப் பள்ளி மாஸ்டர்.

அறையே சிரித்தது. இவரும் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். செருப்பு எப்போதோ பெஞ்சுக்கு அடியில் போயிருந்தது. இரண்டு வெறுங்கால்களும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன, விரல் நுனிகள் வெளுக்கிற அளவுக்கு. திரையில் வண்டி பின்னால் வழுக்கியது. தரை கூவியது. இவர் இன்னும் அழுத்தினார். வண்டி இன்னும் வழுக்கியது.

அவர் காது சூடாகிவிட்டது. காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார், ஓட்டை விழுந்த சட்டையை மறைக்கிற மாதிரி. அன்று அவர் கூட்டி வந்த யாருமே தேறவில்லை. ஸ்கேல் மாஸ்டரிடம் அடிபட்டவர்களில் பாதிப்பேர் தேறினார்கள்.

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா" என்றார் பல் டாக்டரிடம்.

"இருக்கும் மாஸ்டர்" என்றார் அவர். சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

முதலாளி நல்ல பையன். அப்பாவிடமிருந்து பள்ளி கைக்கு வந்த நாளிலிருந்து மாஸ்டரை நிற்க வைத்துப் பேசியதில்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டியரிங், மூன்று திரைகள் வந்து இறங்கின. "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். பசங்க முதல்ல இதுல கத்துக்கட்டும். கொஞ்ச நாளைக்கு நீங்க கவுண்டர்ல உக்காந்து சீட்டு குடுங்க."

மாஸ்டர் சீட்டுக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மரத்தில் மோதினார்கள், மாட்டில் மோதினார்கள், போலீஸ்காரர்மேலேயே மோதினார்கள். ஒரு பித்தானை அமுக்கினால் எல்லாம் முதலிலிருந்து. மறுபடி மோதினார்கள். கொஞ்ச நாளில் மோதுவது குறைந்தது. யாரும் இல்லாத ஒரு மதியம் அவரே போய் அதில் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் ஒருவர் உட்கார இடமே இல்லை. கால் வைக்கவும் இல்லை. எழுந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, கவுண்டருக்குத் திரும்பினார்.

மச்சினி வந்து கேட்டது அந்த வாரம்தான். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். நடக்க முடியாத நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கிற வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வண்டியும் ஆஸ்பத்திரியே தரும். ஆனால் ஓட்டத் தெரிய வேண்டும். பழைய லைசன்ஸ் காலாவதியாகியிருந்தது, புதுப்பிக்கப் புதுத் தடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். மாதம் முடிவதற்குள் காட்டாவிட்டால் வேலை அடுத்தவளுக்கு.

"அந்த நாற்காலியில கத்துக்கோம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர்.

"நாற்காலிக்கு எங்க வீட்டுக் கேட் தெரியுமா? நீங்க வாங்க மாமா."

"என்கிட்ட கத்துக்கிட்டுத்தானே..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

பள்ளி வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். செருப்பு உள்ளே போயிற்று. பேப்பர் விரிந்தது. பழக்கம். அவள் வண்டியை எடுத்தாள். கடைத்தெரு தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, எங்கும் அலுங்கவில்லை. மாஸ்டருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பாத்தியா, எவ்வளவு அழகா..."

"மாமா, அப்ப கத்துக்குடுத்தீங்களே, அத்தனை நாள்ல ஒரு தடவைகூட நீங்க பேப்பர்ல பக்கம் திருப்பினதில்ல."

அவர் பேப்பரைப் பார்த்தார். இப்போதும் முதல் பக்கம்தான்.

"நான் கால் வைக்கறதுக்கு முன்னாடியே பெடல் கீழ போயிருக்கும். கிளம்பின பஸ்ஸு பின்னாடி ஓடற மாதிரி என் காலு அது பின்னாடியே ஓடும். எனக்குன்னு இல்ல, உங்ககிட்ட ஓட்டின எல்லாருக்கும் தெரியும். அது ஒண்ணோடொண்ணு சேந்ததுதானே?"

மாஸ்டரின் வாயில் அன்றைக்குக் கல்யாணக் கதை வரவில்லை. எத்தனை வருஷமாக, எத்தனை பேர் காலுக்குக் கீழே அந்தப் பெடல் தானாக அமுங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ஒளிந்து விளையாடுகிற குழந்தை தன் கண்ணை மூடிக்கொண்டு மற்ற யாருக்கும் தான் தெரியவில்லை என்று நினைக்குமே, அப்படி ஒரு பேப்பருக்குள் இத்தனை காலம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தெரிஞ்சுமா சொல்லல? நான் ஊரெல்லாம் அந்தக் கேட்டுக் கதைய..."

"சொன்னா உங்க முகம் இப்ப இருக்கற மாதிரி ஆயிடும்னுதான்." அவள் கண்ணாடியைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டாள். "திட்டாம கத்துக்குடுக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான் மாமா. அதுக்கு உங்க வாயே போதும். காலு எதுக்கு?"

அவர் பேப்பரை மடிக்க முயன்றார். அது மடியவில்லை.

தெரு முடிந்து வாசல் வந்தது. அந்த ஏற்றம், அதன் உச்சியில் தொப்பை போட்ட கேட். தங்கை வண்டி ஓட்டுகிற அழகைப் பார்க்க வந்திருந்த மாஸ்டரின் மனைவி உள்ளே இருந்தார். வண்டி ஏறிப் பாதியில் நின்றது. அவள் ஹாரன் அடித்தாள். அக்கா வந்து கேட்டைத் திறந்து ஓரமாக நின்றார். இனி அங்கிருந்து எடுக்க வேண்டும், இரண்டு தூணுக்கும் நடுவில் போக வேண்டும். தடத்தில் இருப்பதும் இதே ஏற்றம்தான்.

எடுத்தாள். வண்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியது. சட்டென்று நின்றது.



"நான் இன்னும் கால் வைக்கல மாமா" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கின்மேல் இருந்தது. யாரைக் கேட்டு அங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது.

ஹேண்ட்பிரேக்கைப் போடச் சொன்னார். திரும்பி, பின்னால் தெருவில் யாரும் வரவில்லையே என்று பார்த்தார். பிறகு பேப்பரைச் சுருட்டிப் பின்சீட்டில் எறிந்தார். முக்கி முனகி, டாஷ்போர்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் முதலில் வலது காலை இழுத்து இருக்கைமேல் போட்டார். அதன்மேல் இடது காலைப் போட்டுச் சம்மணம் கட்டினார். முழங்கால் கியரில் இடித்தது.

"என்னங்க, இலை போடட்டுமா, உக்காந்துட்டீங்க?" என்றார் கேட்டருகில் நின்ற மனைவி.

அவர் காதில் அது விழவில்லை. "ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். "மெதுவா."

ஹேண்ட்பிரேக் இறங்கியது. இன்ஜின் அலறியது. வண்டி பின்னால் நழுவியது, ஒரு சாண், இன்னொரு சாண். கீழே பெடல்கள் இரண்டும் யாருமில்லாமல் நின்றன. மாஸ்டர் தன் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், ஓடிப்போகப் பார்க்கிற இரண்டு பிள்ளைகளின் காதைப் பிடிக்கிற மாதிரி. வண்டி நின்று, குலுங்கி, முன்னால் ஏற ஆரம்பித்தது. தூண்கள் இரண்டும் கடந்து போன பிறகும் அவர் பிடியை விடவில்லை.